பனிச்சரிவு எச்சரிக்கை பிறந்த கதை

சுவிட்சர்லாந்தில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஓர் அறிக்கை வெளியாகிறது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் வரைபடம் அதில் இருக்கும். வட்டாரம் வட்டாரமாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் தீட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள். நாளைக்கு எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசையைப் பார்த்த சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கீழே விளக்கம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் வரும். மறுநாள் காலை எட்டு மணிக்குப் புதிய தகவல்களோடு இன்னொரு பதிப்பு. சாலையைத் திறப்பதா மூடுவதா, ரயிலை விடுவதா நிறுத்துவதா, மலையடிவார வீடுகளைக் காலி செய்யச் சொல்வதா, விடிந்ததும் பனிச்சறுக்குக்குக் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இதை வானிலை அறிக்கையின் இன்னொரு வகை என்று நினைத்துவிடக் கூடாது. பிப்ரவரியில் ஒருவரைப் புதைக்கிற பனிச்சரிவுக்குக் காரணம் நவம்பரில் விழுந்த பனியாக இருக்கலாம். வானத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். கேட்கும்போது எளிமையாக இருக்கும் இந்த விஷயம் பிடிபட மனிதர்களுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனையோ ஊர்கள் அழிந்துபோயின.

ஆல்ப்ஸ் ஊர்க்காரர்களுக்குப் பனிச்சரிவு எங்கே வரும் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அண்டர்மாட் என்ற ஊருக்கு மேலே ஒரு காடு இருக்கிறது. அந்தக் காட்டிலிருந்து யாரும் ஒரு சுள்ளியைக்கூட எடுத்துவரக் கூடாது என்று 1397-லேயே தடைப் பத்திரம் எழுதி வைத்துவிட்டார்கள். மேலிருந்து சரியும் பனியைப் பிடித்து நிறுத்துவது அந்த மரங்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டாவோஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபிராவன்கிர்ஹ் என்ற இடத்தில் ஒரு தேவாலயம் உண்டு. மலையைப் பார்த்திருக்கும் அதன் பின்சுவரைக் கூரான ஆப்பு வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். பாய்ந்து வரும் பனி அந்த முனையில் பட்டு இரண்டாகப் பிளந்து கட்டடத்தின் இருபுறமும் போய்விடும். எங்கே வரும் என்ற கேள்விக்கு இப்படி மரத்தாலும் கல்லாலும் பதில் சொல்லிவிட்டார்கள். எப்போது வரும் என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோஹான் கோவாஸ் என்ற வன அதிகாரி முதன்முறையாகப் பனிச்சரிவுகளுக்குக் கணக்கு வைக்கத் தொடங்கினார். சாதாரண அதிகாரி இல்லை. 1850-ல் பிட்ஸ் பெர்னினா சிகரத்தில் முதன்முதலில் கால் வைத்தவர் அவர்தான். பனிச்சரிவுகள் பாயும் பாதைகளை வரைபடத்தில் குறித்தார். எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை வீடு போயிற்று, எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகளைப் பற்றி 1881-ல் அவர் எழுதிய நூல் பின்னால் வந்த எல்லோருக்கும் அடித்தளம். ஆனாலும் அது நடந்து முடிந்தவற்றின் கணக்கு. நாளைக்கு என்ன நடக்கும் என்று அந்த நூலை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படிச் சொல்ல முடியாமல் போனதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை முதல் உலகப் போர் காட்டியது. இத்தாலியும் ஆஸ்திரியாவும் டோலமைட் மலைகளில் பனிக்கு நடுவே முட்டி மோதிக்கொண்டிருந்த காலம். மார்மொலாடா மலையில் ஆஸ்திரியப் படையின் முகாம் ஒன்று, எதிரியின் பீரங்கிக் குண்டு எட்டாதபடி பாறைகளின் மறைவில் இருந்தது. குண்டுக்கு மறைவான அந்த இடம் பனிக்கு நேர் எதிரே இருந்தது. அந்த முகாமின் தலைவர் கேப்டன் ரூடோல்ஃப் ஷ்மிட், மேலே பனி மலைபோல் சேர்ந்துகொண்டிருக்கிறது, முகாமை மாற்ற அனுமதி வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். அனுமதி கிடைக்கவில்லை. 1916 டிசம்பர் 13 அதிகாலையில் மேலிருந்த பனி முழுவதும் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் சுமார் 270 பேர் இறந்தார்கள். அந்த மாதம் முழுக்க இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கான வீரர்கள் பனிச்சரிவில் மாண்டார்கள்.

ஷ்மிட்டின் கடிதத்தைத்தான் இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அவர் சொன்னது சரி. அதை நிரூபிக்க அவர் கையில் எதுவும் இல்லை. கண்ணும் அனுபவமும் மட்டும் இருந்தன. போர் நடக்கும்போது ஒரு கேப்டனின் அச்சத்துக்காகத் தளபதி முகாமை நகர்த்துவாரா? எச்சரிக்கை என்பது ஒருவர் மனத்தில் இருக்கும் கலக்கமாக இருக்கும்வரை அதற்கு எடை கிடையாது. பிறர் சரிபார்க்கக் கூடிய ஓர் அளவாக அது மாற வேண்டும். அந்த மாற்றம் நடக்க இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

1930-களில் சுவிட்சர்லாந்தின் மலைகள் முன்போல் இல்லை. பனிச்சறுக்கு பணம் கொழிக்கும் தொழிலாகிவிட்டது. டாவோஸிலிருந்து வைஸ்ஃப்ளூயோக் என்ற மலைமுகடு வரை மலைரயில் போட்டார்கள். 1932-ல் அது உச்சிவரை போனது. அதுவரை குளிர்காலத்தில் ஆளே எட்டிப் பார்க்காத சரிவுகளில் நூற்றுக்கணக்கானோர் சறுக்கினார்கள். ரயில் பாதைகளையும் மின் கம்பிகளையும் பனியிடமிருந்து காப்பாற்ற வேண்டிய தேவையும் சேர்ந்துகொண்டது. 1931-ல் அரசு பனி, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்று ஒரு குழுவை அமைத்தது. 1936-ல் அந்தக் குழுவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் வைஸ்ஃப்ளூயோக்கில் ஒரு மரக்குடிசைக்குள் குடியேறினார்கள். அதுதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம். பனியை ஆராய வேண்டுமென்றால் அது உருகாமல் இருக்க வேண்டும். ஆகவே வேலை செய்யும் அறையில் கணப்பு மூட்ட முடியாது. வெளியே இருக்கும் குளிரிலேயே உள்ளேயும் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

அங்கே கூடியவர்களில் யாரும் பனியைப் படித்தவர்கள் இல்லை. அப்படி ஒரு படிப்பே அப்போது கிடையாது. ரோபர்ட் ஹேஃபெலி மண்ணின் வலிமையை ஆராய்ந்த கட்டடப் பொறியாளர். மண்மேடு எந்தச் சரிவில் தாங்கும், எதில் சரியும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். ஹென்றி பாடர் கனிமவியல் படித்தவர். படிகங்கள் அவருடைய துறை. ஜூரிக்கின் புகழ்பெற்ற கனிமவியலர் பவுல் நிக்லி அவர்களுக்கு வழிகாட்டினார். பொறியாளர் பனியை மண்ணாகப் பார்த்தார். கனிமவியலர் அதைப் பாறையாகப் பார்த்தார். இந்த இரண்டு பார்வையும் ஒரு குடிசைக்குள் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது என்பது என் எண்ணம். பனியையே காலமெல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது வெள்ளையாக, ஒன்றாக, ஒரே பொருளாகத் தெரிந்தது. வேறு துறையிலிருந்து வந்தவர்களுக்குத்தான் அது அடுக்கடுக்காகத் தெரிந்தது.

ஹேஃபெலி ஒரு கருவி செய்தார். கூம்பு முனை வைத்த இரும்புக் குழாய். அதைப் பனியில் செங்குத்தாக நிறுத்தி, குழாய்மேல் ஓர் எடைக்கட்டியைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போடுவார்கள். ஒவ்வோர் அடிக்கும் குழாய் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று குறித்துக்கொள்வார்கள். கெட்டியான அடுக்கில் பத்து அடி அடித்தாலும் கொஞ்சம்தான் இறங்கும். திடீரென்று ஓர் இடத்தில் அடிக்காமலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த இடம்தான் நொய்ந்த அடுக்கு. மேலே எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதன் கீழே அப்படி ஓர் அடுக்கு இருந்தால், மேலிருக்கும் பனி முழுவதும் எதன் மீது உட்கார்ந்திருக்கிறது என்று அந்தக் குழாய் சொல்லிவிடும். எடையும் அளவும் குறித்த காகிதம் ஒன்று முதன்முறையாகக் கையில் வந்தது. கேப்டன் ஷ்மிட்டிடம் இல்லாமல் போனது இதுதான்.

அந்த நொய்ந்த அடுக்கு எங்கிருந்து வருகிறது? விழும்போது அது அப்படி விழுவதில்லை. கிடக்கும்போது அப்படி ஆகிறது. குடிசைக்காரர்களின் ஆராய்ச்சி காட்டிய பெரிய உண்மை இதுதான்.

நிலத்தின் சூடு காரணமாகப் பனிப்படிவின் அடிப்பகுதி ஏறத்தாழ பூஜ்யம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு குளிர்ந்த இரவுகளில் மைனஸ் இருபதுக்குப் போகும். அடியில் இருக்கும் நீராவி மேலே குளிரை நோக்கி நகரும். போகிற வழியில் பனித்துகள்களின் மேல் படிந்து அவற்றின் உருவத்தையே மாற்றும். ஒரு மீட்டர் கனத்துக்குப் பத்து டிகிரிக்கு மேல் வெப்ப வேறுபாடு இருந்தால் இந்த மாற்றம் வேகம் பிடிக்கும். ஒன்றோடொன்று பிணைந்திருந்த துகள்கள் பிணைப்பை இழந்து, பட்டை தீட்டிய பெரிய படிகங்களாக வளரும். கையில் அள்ளினால் ரவை போல விரலிடுக்கில் வழிந்து ஓடும். அழுத்தி உருண்டை பிடிக்க முடியாது. இப்படி ஓர் அடுக்கின் மேல் ஒன்றரை மீட்டர் கெட்டிப் பனி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு பலருக்கு வியப்பாக இருக்கும். பனி குறைவாக விழுந்த குளிர்காலம் பாதுகாப்பானது என்றுதான் நாம் நினைப்போம். உண்மை அப்படியில்லை. படிவு மெல்லியதாக இருந்தால் அடிக்கும் மேலுக்கும் இடையே தூரம் குறைவு. அதே வெப்ப வேறுபாடு குறுகிய தூரத்துக்குள் அடைபடும். துகள்கள் வேகமாகக் கெட்டுப்போகும். நவம்பரில் கொஞ்சமாகப் பனி விழுந்து, டிசம்பர் முழுக்கத் தெளிந்த வானமும் கடுங்குளிருமாக இருந்தால், ஜனவரியில் விழப்போகும் கனத்த பனிக்குக் கீழே ஓர் ஆபத்தான தளம் தயாராகிவிட்டது என்று பொருள். இதேபோல் மேகமற்ற இரவில் மேற்பரப்பில் சிறகு சிறகாகப் பூக்கும் உறைபனி பார்க்கக் கொள்ளை அழகு. அதன்மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால் அதைவிட மோசமான அடுக்கு வேறு கிடையாது. வாரக்கணக்கில் அது அப்படியே காத்திருக்கும்.

அதன் மீது ஒருவர் சறுக்கிக்கொண்டு வருகிறார். அவருடைய எடை மேலிருக்கும் கெட்டிப் பனியைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. நொய்ந்த அடுக்கு ஓர் இடத்தில் நசுங்குகிறது. 'வும்ப்' என்று அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு சத்தம். விரிசல் கண் இமைக்கும் நேரத்தில் சரிவு முழுக்க ஓடி, கால்பந்து மைதானம் அளவுக்குப் பனிப்பாளம் ஒன்று பெயர்ந்து அவரோடு சேர்ந்து இறங்குகிறது. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் இது நடக்கிறது. அதைவிடச் சாய்வு குறைந்தால் பாளம் எளிதில் நகராது. மிகவும் செங்குத்தாக இருந்தால் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சத்தம் போட்டால் பனிச்சரிவு வரும் என்று சினிமாவில் காட்டுவது பொய். மலைகளில் பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிடுவது அவர்களோ, அவர்களோடு வந்தவர்களோதான்.

குடிசைக்கு அருகில் சுமார் 2,540 மீட்டர் உயரத்தில் ஒரு சமதளத்தை வேலி போட்டு ஒதுக்கினார்கள். அங்கே ஒவ்வொரு நாளும் பனியின் ஆழத்தை அளந்து எழுதும் வழக்கம் 1936-ல் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. இந்த ஆராய்ச்சியெல்லாம் 1939-ல் பனியையும் அதன் உருமாற்றத்தையும் பற்றிய ஒரு நூலாக வந்தது. அடுத்து இரண்டாம் உலகப் போர். சுவிட்சர்லாந்து போரில் இறங்காவிட்டாலும் அதன் படை மலைகளில் காவல் நின்றது. முதல் போரின் பாடம் நினைவில் இருந்ததால் படைக்குள்ளேயே பனிச்சரிவுப் பிரிவு ஒன்றை அமைத்து, மலைகளில் ஆட்களை நிறுத்தி அளவுகளைச் சேகரித்தார்கள். 1942-ல் ஆராய்ச்சிக் குழு முறையான நிறுவனமானது. மறு ஆண்டு குடிசை போய் வைஸ்ஃப்ளூயோக்கில் கல் கட்டடம் வந்தது. போர் முடிந்ததும் படையின் பனிச்சரிவுச் சேவை அந்த நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1945-46 குளிர்காலத்தில் பொதுமக்களுக்கான அறிக்கை வெளிவரத் தொடங்கியது. எச்சரிக்கை பிறந்த ஆண்டு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த நிறுவனத்தில் பணியாற்றியவர்களில் ஆந்த்ரே ரோக் என்பவரை இங்கே சொல்லியாக வேண்டும். மலையேறி, பனிச்சரிவு நிபுணர். 1939-ல் நம் கார்வால் இமயமலைக்குச் சுவிஸ் குழு ஒன்றை அழைத்து வந்தார். துனாகிரி சிகரத்தில் முதன்முதலில் ஏறியது அந்தக் குழுதான். அதே பயணத்தில் சௌகம்பா மலையில் அவர்களுடைய முகாமைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனதில் சுமைதூக்குவோர் இருவர் இறந்தார்கள். அதன் பிறகு ரோக் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பனி எப்படிப் பெயர்கிறது என்று ஆராய்வதில் செலவிட்டார்.

அறிக்கை வந்துவிட்டதால் சாவு நின்றுவிடவில்லை. 1951 ஜனவரியில் ஆல்ப்ஸ் முழுவதும் நாள்கணக்கில் ஓயாமல் பனி கொட்டியது. 1397-லேயே காட்டுக்குத் தடைப் பத்திரம் எழுதிய அதே அண்டர்மாட் ஊருக்குள் பனிச்சரிவுகள் இறங்கி 13 பேர் இறந்தார்கள். வால்ஸ் என்ற ஊரில் 19 பேர். அந்தக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் இறந்தார்கள். ஆல்ப்ஸ் நாடுகள் முழுவதையும் சேர்த்தால் 265-க்கு மேல். எச்சரிப்பது மட்டும் போதாது, எச்சரிக்கையைக் கேட்டு ஊர் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அப்போது புரிந்தது. மலைச்சரிவுகளின் தலைப்பகுதியில் இரும்பு வேலிகள் எழுந்தன. வீடு கட்டவே கூடாத சிவப்புப் பகுதி, நிபந்தனையோடு கட்டலாம் என்ற நீலப் பகுதி என்று ஊர் ஊராக வரைபடம் போட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் டாவோஸில் தங்கிப் படித்த எட் லாஷப்பெல் என்ற அமெரிக்க இளைஞர் பிறகு யூட்டா மாநிலத்தின் ஆல்டா என்ற ஊருக்குப் போய், அங்கே மான்டி அட்வாட்டர் தொடங்கியிருந்த பனிச்சரிவுப் பணியில் சேர்ந்தார். குடிசையில் பிறந்த அறிவு அப்படித்தான் கடல் தாண்டியது.

இப்போது நாம் பார்க்கும் ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்கள் மிகவும் பிந்தி வந்தவை. அதுவரை ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஓர் அளவுகோலை வைத்திருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் வேறு சொல். மலைக்கும் பனிக்கும் எல்லைக்கோடு தெரியாது. சறுக்கிக்கொண்டு போகிறவருக்கும் தெரியாது. 1993 ஏப்ரலில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள வில்ட்பாட் குரோய்த் என்ற இடத்தில் ஐரோப்பியப் பனிச்சரிவு எச்சரிக்கை அமைப்புகள் கூடி ஐந்து படிகளைக் கொண்ட ஒரே அளவுகோலை ஏற்றுக்கொண்டன. குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம்.

இந்த அளவுகோலில் ஒரு குறை இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்தில் மூன்று என்றால் நடுவே என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. நடுவே என்றால் பரவாயில்லை, பார்த்துப் போகலாம் என்று தோன்றுகிறது. ஆனால் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல. ஒவ்வொரு படி ஏறும்போதும் அபாயம் பன்மடங்காகிறது. சுவிட்சர்லாந்தில் குளிர்கால நாள்களில் சுமார் 30 சதவீதம் மூன்றாம் எண் நாள்கள். பனிச்சரிவில் நேரும் சாவுகளில் ஏறத்தாழப் பாதி அந்த நாள்களில்தான் நடக்கிறது. நான்கு, ஐந்து என்று வந்தால் பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று வரும் நாளில் வானம் தெளிந்திருக்கிறது, வெயில் அடிக்கிறது, புதுப்பனி கண்ணைப் பறிக்கிறது, விடுமுறையும் முடியப் போகிறது. கால் தானாக மேலே போகிறது. அறிக்கை தயாரிப்பவர்கள் இதை ஓயாமல் சொல்லி வருகிறார்கள்.

மீட்பை நம்பிப் போகலாமா என்று சிலர் கேட்கலாம். புதைந்தவரைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் உடம்பில் கட்டிக்கொள்ளும் அலைபரப்பிகள் இருக்கின்றன. ஆனால் நேரம் ஒத்துழைப்பதில்லை. முழுவதும் புதைந்தவர்களைப் பற்றிச் சுவிஸ் விவரங்களை வைத்து 1994-ல் வெளியான ஆய்வு ஒன்று, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்றும், 35 நிமிடம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேரே பிழைக்கிறார்கள் என்றும் காட்டியது. எந்த ஹெலிகாப்டரும் பதினைந்து நிமிடத்தில் வந்து தோண்டி எடுத்துவிடாது. பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும். அதைவிட, அன்று அங்கே போகாமல் இருப்பது நல்லது.

அந்த ஓர் எண் எப்படி வருகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோளும் கணினியும் மலைமுகடுகளில் தானியங்கிக் கருவிகளும் இருக்கும் இந்தக் காலத்திலும் சுவிஸ் நிறுவனத்துக்காகச் சுமார் 200 பார்வையாளர்கள் வேலை செய்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். காலையில் எழுந்து, நட்டு வைத்திருக்கும் அளவுகோலில் பனியின் மொத்த ஆழத்தைப் பார்ப்பார்கள். தட்டையான வெள்ளைப் பலகை ஒன்றின்மேல் ராத்திரி விழுந்த புதுப்பனி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, பலகையைத் துடைத்து, மறுநாளுக்காகத் திரும்ப வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்த பனிச்சரிவுகளைக் குறிப்பார்கள்.

அவ்வப்போது பனியில் ஒரு குழி. நிலம் தெரியும்வரை மண்வெட்டியால் தோண்டி, ஒரு பக்கச் சுவரை நேராகச் செதுக்குவார்கள். அதில் அந்தக் குளிர்காலம் முழுவதும் கோடு கோடாகத் தெரியும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை வெப்பமானியைச் செருகிக் குறிப்பார்கள். பிறகு ஒவ்வோர் அடுக்கையும் கையால் சோதிப்பார்கள். மூடிய கைமுட்டி எளிதாக உள்ளே போனால் மிக மிருது. நான்கு விரல் போனால் அடுத்த நிலை. ஒரு விரல் மட்டும் போனால் அதைவிடக் கெட்டி. அதன்பின் பென்சில், கடைசியில் கத்தி. கட்டம் போட்ட சிறு தகட்டில் துகள்களைக் கொட்டிப் பூதக்கண்ணாடியில் அவற்றின் உருவத்தையும் அளவையும் பார்ப்பார்கள். அப்புறம் கனடாவில் உருவான ஒரு சோதனை. சுவரிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டராக ஒரு தூணைத் தனியாக வெட்டி நிறுத்துவார்கள். அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் தூண் உடைந்து நழுவுகிறது என்று எழுதுவார்கள். மூன்றாவது தட்டிலேயே வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மலைப்பக்கம் கால் வைக்கலாமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. உலகத்தின் பல பனிமலைகளில் இந்த வேலை இன்றும் மண்வெட்டியாலும் விரலாலும்தான் நடக்கிறது.

1999 பிப்ரவரியில் ஆல்ப்ஸில் மறுபடியும் 1951-ஐப் போன்ற பனி. ஆஸ்திரியாவில் கால்ட்யூர் ஊரிலும் அதை அடுத்த வால்ட்சூரிலும் 38 பேர் இறந்தார்கள். சுவிட்சர்லாந்தில் எவோலேன் என்ற ஊரில் 12 பேர். ஆபத்தான சாலைகளையும் வீடுகளையும் உரிய நேரத்தில் மூடத் தவறியதற்காக அந்த ஊர்த் தலைவரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். 1916-ல் எச்சரித்தவரின் கடிதத்தை ஒதுக்கித் தள்ள முடிந்தது. 1999-ல் எச்சரிக்கைக்குத் தக்கபடி நடக்காதது குற்றமாகிவிட்டது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1951-ல் சுவிட்சர்லாந்தில் 98 பேர் இறந்தார்கள். வீடுகளும் சாலைகளும் மக்களும் பல மடங்கு பெருகியிருந்த 1999-ல், வீடுகளிலும் சாலைகளிலும் பனிச்சரிவுக்குப் பலியானவர்கள் 17 பேர். வேலியும் வரைபடமும் அறிக்கையும் சேர்ந்து செய்த வேலை அது. பனிச்சரிவு அபாயத்தைக் கையாளும் இந்த அறிவை, சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் சேர்ந்து கேட்டதன் பேரில் 2018-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் இந்த வேலைக்கென்று 1969-ல் மணாலியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 2020-ல் அது வேறொரு ஆய்வகத்தோடு சேர்ந்து, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. சியாச்சினில் எதிரியின் குண்டுக்கு இறந்தவர்களைவிடக் குளிருக்கும் பனிக்கும் இறந்த நம் வீரர்கள் அதிகம். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் சாவடியின் மேல் பெரும் பனிச்சுவர் சரிந்தது. அங்கே இருந்த பத்துப் பேரும் மதறாஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனோடு இருந்தவர்கள். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. பிறந்த ஊரில் பனித்துளியைத் தவிர வேறு பனி பார்க்காத பிள்ளைகள். ஆறு நாள் கழித்துக் கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11-ஆம் தேதி இறந்துபோனார். அந்த உயரத்தில் பனியைக் கணிப்பது மிகக் கடினம் என்பது உண்மை. அதனாலேயே அங்கே இன்னும் அதிக அளவீடும் அதிக ஆட்களும் பணமும் தேவை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது சண்டிகர் நிறுவனம் காஷ்மீர், லடாக், இமாச்சலம், உத்தராகண்ட், சிக்கிம் மலைகளுக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. எந்த மாவட்டம், எத்தனை மீட்டருக்கு மேல், அபாயம் எந்த அளவு என்று அதில் இருக்கும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அதை மக்களுக்குச் சொல்கின்றன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நம் பிள்ளைகள் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக இமயமலைக்கு டிரெக்கிங் போகிறார்கள். போக வேண்டும், மலை பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால், அழைத்துப் போகும் குழுவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாம் போகும் பகுதிக்கு இன்றைய பனிச்சரிவு அறிக்கை என்ன சொல்கிறது? போகும் பாதை முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளைக் கடக்கிறதா, அவற்றின் அடியில் போகிறதா? அறிக்கை மோசமாக வந்தால் எந்த இடத்திலிருந்து திரும்புவோம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத குழுவோடு மலை ஏறாதீர்கள்.